கையில் வாங்காத கத்தி

மத்தியானம் மேசையில் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டால் சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். கிழவர் தன் மடக்குக் கத்தியின் பிடியடியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். அலகு கொஞ்சம் தலைகாட்டும். நகத்தால் இழுத்து விரித்து, கழுத்திலிருக்கும் இரும்பு வளையத்தைத் திருகிப் பூட்டுவார். பிறகுதான் பாண் ரொட்டியில் கை வைப்பார்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் ஒரேத்தோத் தெருப் பக்கம் மூன்றாம் மாடியில் அவருடைய வீடு. ஆறு வருடம் அவரைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். எனக்குப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே போனால் சுவரோடுதான் கதைக்க வேண்டும்.

கத்தி பிரான்சிலிருந்து வந்தது. இளவயதில் அங்கே கட்டட வேலைக்குப் போனபோது வாங்கியதாம். மரப்பிடி, கை பட்டுப் பட்டுத் தேன் நிறமாகியிருந்தது. சேர்ந்த முதல் வாரமே அதைத் தட்டுகளோடு சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன். மரம் ஊதி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கத்தியும் திறக்கவில்லை, அவரும் என்னோடு வாய் திறக்கவில்லை. என்ன பெரிய கத்தி என்று எனக்கும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் ஜன்னலோரம் காய்ந்து அது திறந்துகொண்டது. அவர் ஒரு பேரிக்காயை வெட்டி, ஒரு துண்டைக் கத்தி நுனியில் குத்தி என் பக்கம் நீட்டினார். வேலை செய்யும் வீடுகளில் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டே பழகியவன் நான். அவர் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளி, "இரு" என்றார். அதன் பிறகு ஆறு வருடமும் எதிரெதிரே இருந்துதான் சாப்பிட்டோம். பெரிதாகப் பேச்சில்லை. ஆனால் இந்த ஊரில் நான் இன்னொருவரோடு சாப்பிட்டது அந்த ஒரு நேரம்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் அவர் கத்தியை மேசையில் வைப்பார். நான் எடுத்துத் துடைத்து, ஒலிவ் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைப்பேன். அவர் கையிலிருந்து அதை நேரே வாங்கியதேயில்லை. எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோம். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். கொடுத்தால் இரண்டு பேருக்கும் இடையில் உறவு முறிந்துபோகும்.

போன மாசியில் அவருடைய மகள் வட இத்தாலியிலிருந்து வந்தாள், அவரைத் தன்னோடு கூட்டிப்போக. பெட்டிகள் கீழே இறங்கிவிட்டன. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடத்தில் இருந்தார். பையிலிருந்து கத்தியை எடுத்து, பிடியைக் காற்சட்டையில் தேய்த்து, என்னிடம் நீட்டி, "உனக்கு" என்றார்.

என் கை பாதி வழி போய் நின்றுவிட்டது. வேறு நாளென்றால் வாங்கியிருப்பேனோ என்னவோ. பிரிந்து போகிற அன்றைக்கா வாங்குவது? "மேசையில் வையுங்கள்" என்றேன்.

அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுண்டிப் போனது. பழைய கத்தி, இவனுக்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார். அதைத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார். விளக்கம் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"கத்தி கைக்கை குடுக்கிறேல்லை எண்டு அந்த மனுசனுக்கு என்னெண்டு தெரியும்? நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"மருந்து, சூப், குளியல், விசாவுக்குப் பெர்மெஸ்ஸோ. எனக்குத் தெரிஞ்ச இத்தாலியன் அவ்வளவுதான். இதை என்னெண்டு சொல்லுறது?"

"அப்ப பேசாமல் வாங்கியிருக்கலாம்."

"வாங்கினால் முறிஞ்சுபோடும் எண்டு பயந்திட்டன்."

"இப்ப மட்டும் என்ன?" என்றாள்.

பிறகு ஒருமுறை கிழவருடைய மகளின் நம்பருக்கு எடுத்தேன். அப்பாவுக்குப் போனில் காது கேட்காது, உன் வணக்கத்தைச் சொல்கிறேன் என்றாள். வணக்கத்துக்காகவா நான் எடுத்தேன்?

இப்போது வேறு வீடு. மத்தியானத்தில் மறுபடியும் அடுப்படியில் நின்றபடி சாப்பாடு. முதல் நாள் அந்த வீட்டுச் சிஞ்ஞோரா மரக்கறிக் கத்தியை, பிடி என் பக்கமாக, நீட்டினாள். நான் சட்டென்று அவள் கையிலிருந்தே வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் கவனித்தேன், கை தயங்கவேயில்லை. அவளுக்கும் எனக்கும் இடையில் முறிவதற்கு ஒன்றும் இல்லை. கரட்டை எடுத்துச் சீவத் தொடங்கினேன்.