வெறும் பெட்டிகள் இருபத்தைந்து

அன்றைக்குச் சந்தியில் வான் வந்து நின்றபோது அங்கே நின்றவர்கள் எட்டுப் பேர். வானை ஓட்டி வந்தவர் ஒருவர். வெள்ளைச் சேட்டுப் போட்ட சிகரட் கொம்பனி ஆள் ஒருவர். சந்திக் கடைக்காரர், அவருடைய மகன். பக்கத்து வீட்டு இரட்டையர் இருவர். என் அண்ணை. எட்டாவது நான், கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு. இதை இவ்வளவு சரியாக எழுதக் காரணம் இருக்கிறது. பிறகு அம்மா விசாரித்தபோது, கடைக்காரரும் மகனும் இரட்டையரும் தாங்கள் அங்கே நிற்கவே இல்லை என்றார்கள். தன் சொந்தக் கடை வாசலில் தான் நிற்கவில்லை என்று ஒரு மனிதர் சொன்னால் அவரோடு என்னத்தைக் கதைப்பது? அண்ணை வாய் திறக்கவில்லை. நின்றேன் என்று சொன்னது நான் ஒருத்திதான். அடியும் எனக்குத்தான்.

போன கிழமை இதெல்லாம் திரும்ப வந்து மண்டையைக் குடைந்ததற்கு என் மகன் காரணம். பதினாலு வயது. அவனுடைய ரியூசன் பையைத் தோய்ப்பதற்காகக் கவிழ்த்தபோது ஒரு தகரப் பெட்டி விழுந்தது. மேலே மாம்பழப் படம். திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, வாசம் மட்டும் இருந்தது. புகைக்குப் பதிலாக ஆவி வரும் குழல் ஒன்று இப்போது இருக்கிறதாம், அது வந்த பெட்டியாம். இப்படி ஐந்து பெட்டி சேர்த்துப் படமெடுத்து அனுப்பினால் காதில் பூட்டிப் பாட்டுக் கேட்கிற சாமான் கிடைக்கும் என்று ஆரோ ஃபோனில் போட்டிருக்கிறானாம்.

"ஏனம்மா பதறுறியள்? வெறும் பெட்டிதானே" என்றான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் நின்றவள். பெரிய விஷயங்களில் எனக்கு விளக்கம் குறைவு. ஆனால் வெறும் பெட்டியைப் பற்றி எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, கொழும்புச் சாமான்கள் யாழ்ப்பாணத்துக்குத் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது, அண்ணைக்குப் பதினாலு. மானிப்பாய் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பா வன்னியில் மேசன் வேலை செய்தார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். அப்படிப்பட்ட ஒரு வானை நாங்கள் அதுவரை கண்டதில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அதன் பக்கத்தில் ஒரு மனிதர் மலையுச்சியில் ஒரு காலைக் கல்லில் வைத்து நின்று சிகரட் பத்திப் புகை விட்டுக்கொண்டிருக்கிற பெரிய படம். எங்கள் ஊரில் ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. ஆனாலும் இரட்டையர் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கொம்பனி ஆள் கடைக்கு ஒரு புதுப் பலகை மாட்டினார். அதில் கடையின் பேர் எறும்பளவு, சிகரட்டின் பேர் யானையளவு. கடைக்காரருக்கு அதில் ஒரே பெருமை. பிறகு கொம்பனி ஆள் வானுக்குள் கையை விட்டு ஒரு கிரிக்கெட் மட்டையை வெளியே எடுத்தார். எங்கள் ஒழுங்கைப் பெடியள் அப்போது தென்னை மட்டையைச் செதுக்கித்தான் விளையாடினார்கள். அடுத்த ஒழுங்கையில் உண்மையான மட்டை இருந்தது. அது இருந்ததாலேயே அவர்கள் எங்கள் ஆட்களைச் சேர்ப்பதில்லை. அண்ணை அந்த மட்டையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

இருபத்தைந்து வெறும் சிகரட் பெட்டி கொண்டுவந்தால் மட்டை. கந்தசஷ்டி முடிவில் வரும் சூரன்போருக்கு அடுத்த நாள் வான் திரும்ப வரும். இதைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் குனிந்து, மிக அன்பாக ஒரு புத்தியும் சொன்னார்.

"தம்பிமார், நீங்கள் இதைப் பத்தக் கூடாது. சின்னாக்கள். வெறும் பெட்டி மட்டும் கொண்டு வாங்கோ, என்ன?"

எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன். பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்று கொழும்பிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போகிறாரே.

சேர்ப்பதும் எண்ணுவதும் என் வேலை. கணக்கு எனக்கு வரும், பயமும் வரும், ஆகவே எண்ணுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. பஸ் தரிப்பிடம், சலூன் வாசல், கள்ளுக்கொட்டில் வேலியோரம் என்று இரட்டையர் பொறுக்கிக்கொண்டு வந்து தருவார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஆர் பெட்டியாக வாங்குகிறார்கள்? ஒன்று, இரண்டு என்றுதான் வாங்குவார்கள். வெறும் பெட்டி கடையிலேயே தங்கிவிடும். கடைக்காரர் அதைத் தன் மகனுக்கென்று ஒளித்து வைத்தார். கடைசியில் எங்களைக் காப்பாற்றியவர் சித்தப்பாதான். லொறி ஓடுகிறவர், கையில் காசு புழங்கியது, நாளுக்கு ஒரு பெட்டி முடிப்பார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுத் தருவார். நானும் காலையிலும் பின்னேரமும் போய், "முடிஞ்சுதோ சித்தப்பா?" என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டு இன்னொன்று பத்துவார்.

இருபத்தொன்று சேர்ந்தது. அப்போது கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. சித்தப்பா ஆறு நாளும் விரதம், சிகரட்டும் இல்லை.

நான் கோயிலடிக்கே போய் அவரைப் பிடித்தேன்.

"சித்தப்பா, இன்னும் நாலு பெட்டிதான் வேணும்."

"எடி பிள்ளை, இந்த ஆறு நாளும் நான் தொடமாட்டன். ஏலுமெண்டால் இதோடை விட்டிடுவம் எண்டும் பாக்கிறன்."

"அப்ப எங்கடை நாலு பெட்டி?"

"உன்ரை நாலு பெட்டிக்காக முருகனிட்டை நான் என்னெண்டு போய்க் கதைக்கிறது?"

நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே போட வேண்டும்போல் இருக்கிறது. குடும்பத்தில் பத்துகிற ஒரே மனிதர் அதை விடப்போகிறேன் என்கிறார், அதற்கு ஒரு பிள்ளை அழுகிறது. அவர் சொன்னபடியே விட்டார். அந்த விரதத்துக்குப் பிறகு சித்தப்பா சிகரட்டைத் தொடவில்லை.

அன்று பின்னேரம் அண்ணை என்னருகில் வந்து இருந்தார்.

"தங்கச்சி, உன்ரை ரின்னிலை எவ்வளவு கிடக்கு?"

பால்மா ரின் ஒன்றில் நான் காசு சேர்த்திருந்தேன். வருசப்பிறப்புக் கைவிசேஷம், மாமாமார் தந்தது எல்லாமாக ஐந்நூற்றி இருபது ரூபாய். சில்லுப் பூட்டிய புத்தகப்பை ஒன்று வாங்கும் எண்ணம். அண்ணை கேட்டது நானூற்றி எண்பது. பெட்டி ஒன்று நூற்றி இருபதுப்படி நாலு பெட்டி. மட்டை வந்தால் மற்றப் பெடியளுக்கு வாடகைக்கு விட்டு இரண்டு மாதத்தில் திருப்பித் தருவாராம்.

"உள்ளுக்குள்ளை இருக்கிறதை என்ன செய்யிறது?" என்று கேட்டேன். அந்த அளவுக்காவது எனக்கு மூளை இருந்தது.

"புகையிலைத் தோட்டக்காரர் காம்பை ஊறப்போட்டுப் பூச்சிக்குத் தெளிக்கிறவை எல்லோ? அம்மாவின்ரை மிளகாய்க்கண்டுக்குத் தெளிப்பம்."

எங்கள் வீட்டில் ஒன்றையும் எறிவதில்லை. சோறு வடித்த கஞ்சி மாட்டுக்கு, தேங்காய்ச் சிரட்டை அடுப்புக்கு. ஆகவே சிகரட் மிளகாய்க்கண்டுக்கு என்றது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. சத்தியம் வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தேன். அவர் தெரிந்த கடைகளை விட்டுத் தூரத்தில் ஒரு கடைக்குச் சைக்கிளில் போய் வாங்கி வந்தார். பதினாலு வயதுப் பெடியனுக்கு நாலு பெட்டி சிகரட்டைக் கொடுத்துவிட்டு, வாயினிக்க ரொபியும் வேணுமோ என்று அந்தக் கடைக்காரர் கேட்டாராம்.

பிறகு வந்த நாட்களில் நான் பட்ட கவலை கொஞ்சமல்ல. வான் வராமல் விட்டால்? மழை பெய்து பெட்டிகள் நனைந்தால்? அம்மாவுக்கு மணம் பிடித்தால்? கடைக்காரரின் மகன் முந்திவிட்டால்? கவலைப்படுவதற்குப் பத்து விஷயம் இருந்தால் நான் தேடிப் பதினொன்றாக்குவேன். அந்தப் பதினொன்றிலும் அண்ணை இருக்கவில்லை.

வான் வந்தது. கொம்பனி ஆள் பெட்டிகளை எண்ணினார். புதிய நாலையும் தனியாக எடுத்து, உள்ளே இருந்த வெள்ளித்தாளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்துச் சிரித்து, மட்டையைக் கொடுத்தார். எனக்கு ஒரு தொப்பி. எங்கள் கெட்டித்தனத்தை மெச்சித்தான் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மட்டையைக் கண்டதும் அம்மா விசாரணை வைத்தா. வெறும் பெட்டி பொறுக்கிய கதையை மட்டும் சொன்னேன். அதற்கே அடி. சிகரட்டுக்காக அல்ல, கண்ட கண்டவன் கைபட்ட குப்பையைப் பொறுக்கினதற்காக. அந்த மட்டையின் கைப்பிடியும் மூன்றாம் ஞாயிறு கழன்று வந்துவிட்டது. வாடகைக்கு எடுக்க ஒருவரும் வரவில்லை.

இதற்கிடையில் அம்மாவின் மிளகாய்க்கண்டுகள் இலை சுருண்டு நின்றன. ஊறப்போட்ட மருந்து எங்கே என்று தேடிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளி காய்ந்து கிடந்தது. வாழைகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியடியில் மூன்று பேர். இரட்டையரில் மூத்தவன் அந்த மலையுச்சி மனிதரைப்போலவே ஒரு காலைத் தொட்டிக்கட்டில் வைத்து நின்றான். அண்ணை கண்ணால் தண்ணீர் ஓட இருமிக்கொண்டிருந்தார்.

"அம்மாட்டைச் சொல்லுவன்" என்றேன்.

"சொல்லு. காசு ஆர் தந்தது எண்டதையும் சேர்த்துச் சொல்லு."

என்னைப் பார்த்து அண்ணைக்குப் பாவமாகப் போயிருக்க வேண்டும்.

"எறிஞ்சால் உன்ரை காசுதானே வீணாப்போகும்? ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒண்டு. இது முடிஞ்ச உடனை விட்டிடுவம்."

சிகரட்டுகளைக் கொட்டி வைத்திருந்த பையை வாங்கி எண்ணினேன். எண்பதில் அறுபத்தொன்பது இருந்தது. மூன்றால் பிரித்தால் இருபத்துமூன்று நாள். மிச்சமில்லாமல் பிரிந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கலண்டரில் அன்றிலிருந்து இருபத்துமூன்றாம் நாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அண்ணை இப்போது ஓட்டோ ஓடுகிறார். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் சித்தப்பாவைப்போல ஆறு நாளும் விடுவார். சூரன்போர் முடிந்ததும் கோயில் மதிலுக்குப் பின்னால் போய்ப் பத்துவார். எத்தனை முறை சண்டை பிடித்துவிட்டேன். அவர் வீட்டில் மச்சாளும் அழுது பார்த்துவிட்டா. நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்த டொக்டரும் சொல்லிவிட்டார்.

மாம்பழப் பெட்டி விழுந்த அன்று நான் முதலில் ரியூசனடிக் கடைக்குத்தான் போனேன். ரொபிப் போத்தலுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் மட்டத்தில் சிகரட் தட்டு. இருபத்தொரு வயதுக்குக் கீழே விற்பனை இல்லை என்ற அறிவித்தல் வாழைக்குலைக்குப் பின்னால் தொங்குகிறது. கேட்டால், "அதுதானே அக்கா எழுதிக் கிடக்கு" என்கிறான். வாழைக்குலையை விலக்கித் தொங்கவிடு என்றேன். சிரிக்கிறான். பிறகு அண்ணையைக் கூப்பிட்டேன், மாமன் சொன்னாலாவது பெடியன் கேட்பான் என்று. அண்ணை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனிடம், "இது உன்னட்டை என்னெண்டு வந்தது? உள்ளை இருந்தது எங்கை?" என்று மட்டும் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். ஓட்டோவில் ஏறும்போது அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவனுக்குக் காசு மட்டும் குடாதை, தங்கச்சி."

கலண்டரில் புள்ளி வைத்த நாள் வந்தபோது நான் விடிய எழும்பி முகம் கழுவி விபூதி பூசிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் அன்று முழுவதும் ஒரு கவலையும் இல்லாமல் இருந்தேன். பின்னேரம் அண்ணை வந்து வாசலில் நின்றார். கையை இரண்டு பொக்கற்றுக்குள்ளும் விட்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"ஓம், முடிஞ்சுது" என்றார். பிறகு, "ரின்னிலை இன்னும் நாப்பது ரூவா கிடக்கெல்லோ? பள்ளிக்கூடக் கொப்பி வாங்க வேணும்" என்றார்.

முடிந்தது, இனி அண்ணை படிக்கப் போகிறார் என்று சந்தோஷப்பட்டு, ரின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, சில்லறையெல்லாம் பொறுக்கி அவர் கையில் வைத்தேன். இன்றைக்கும் அண்ணை எனக்குத் தரவேண்டியது ஐந்நூற்றி இருபது ரூபாய்.