உள்ரோட்டில் வாங்கிய சக்கரம்

மாற்றுச் சக்கரம் இல்லை என்று யாரிடம் முதலில் சொல்வது? அக்காவிடமா, அத்திம்பேரிடமா? சொல்லாமலே சமாளித்துவிட முடியாதா?

காரின் இடது பின்சக்கரம் தரையோடு படிந்து கிடந்ததைப் பார்த்தபோது வேதாவின் மனசுக்குள் ஓடியது இதுதான். பயம் இல்லை. பயம் பிறகு வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் படிப்பவர் இஷ்டம். ராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை, பட்டப்பகல். போன ஆவணி மாதத்து உச்சி வெயில். நேரங்களை அவள் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அழைப்பு நேரங்கள் செல்போனின் பட்டியலில் இருக்கின்றன; மற்றவை செல்போனில் பார்த்துப் பார்த்து அவள் மனசில் பதிந்தவை. அந்தப் பட்டியலை அவள் இன்னும் அழிக்கவில்லை.

அன்று ராஜபாளையத்தில் அவளுடைய அக்கா கோதைநாயகியின் மகள் அனுக்ரஹாவுக்குக் கல்யாணம். இரண்டு தடவை நிச்சயம் வரை வந்து நின்றுபோன பெண். மூன்றாவது தடவையாவது கூடி வர வேண்டும் என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையைப் பெண் கழுத்தில் போட்டுத்தான் மாலை மாற்ற வேண்டும் என்று அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். நடுப்பகல் அபிஜித் முகூர்த்தம். பன்னிரண்டரைக்குள் மாலை மண்டபத்தில் இருக்க வேண்டும். வாங்கி வரும் பொறுப்பு வேதாவுக்கு. நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகாதவள், சொந்தக் கார், சொன்ன சொல் தவறாதவள். வீட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள். அவளும் அதைக் கேட்டுக் கேட்டே வாழ்ந்துவிட்டவள்.

முதல் நாள் அவள் செய்த காரியத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாலை ஏறப்போகும் வண்டி என்று காரை உள்ளும் புறமும் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். டிக்கியைத் திறந்தபோது ஸ்டெப்னி கண்ணில் பட்டது. ஊரிலுள்ள சாக்கடை, சாணி எல்லாவற்றையும் மிதித்த சக்கரம். ஆண்டாள் மாலை போகிற வண்டியில் இதுவா? தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டாள். அப்போது அக்காவின் கணவர், அத்திம்பேர் யதிராஜன், போனில் இருந்தார்.

“ஆசாரத்துக்காக ஸ்டெப்னியைக் கழட்டி வெச்ச ஒரே ஆள் லோகத்துலயே நீதான். பேசாம காருக்கும் ஒரு நாமம் போட்டு விடு” என்று சிரித்தார். “விளையாட்டில்ல வேதா. எடுத்து உள்ள வை.”

“பத்து கிலோமீட்டர்தானே அத்திம்பேர்” என்றாள்.

அந்தப் பத்து கிலோமீட்டரில், பெரிய ரோட்டில் வேலை நடக்கிறது என்று வன்னியம்பட்டிப் பக்கத்து உள்ரோட்டில் திரும்பினாள். 11.21. ‘டப்’ என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் இழுத்தது.

இறங்கிப் பார்த்தாள். டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒரு பக்கம் வறண்டு வெடித்த கண்மாய். மறுபக்கம் அறுவடை முடிந்த சோளக்காடு. ஆள் இல்லை.

11.24. டாக்சிக்காரர். “இன்னைக்குப் பெரிய முகூர்த்தம்லா மேடம், எல்லா வண்டியும் போயிட்டு.”

11.27. அவள் வழக்கமாக வண்டி விடும் பஞ்சர் கடை மாரீஸ்வரன்.

“பக்கவாட்டுல கிழிஞ்சா ஒட்ட ஏலாதுக்கா. ஸ்டெப்னிய மாட்டிட்டு வந்துருங்க.”

“ஸ்டெப்னி இல்லப்பா.”

“இல்லியா? வித்துட்டியளா?”

கடையில் ஆள் இல்லை, தான் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

11.31. அக்கா.

“எங்கடி இருக்க?”

மண்டபத்திலிருந்து ஒரு வண்டி கிளம்பினால் கால் மணி நேரத்தில் அவள் முன்னால் நிற்கும். வாசலில் ஆறேழு கார்கள் சும்மா நிற்கின்றன. ‘டயர் போயிடுத்து, வண்டி அனுப்பு’ என்றால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூடவே அத்திம்பேரின் சிரிப்பும் வந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் அதைச் சொல்லிக் காட்டுவார். கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்லிக் காட்டுவார்.

“வந்துண்டே இருக்கேன் அக்கா” என்றாள்.

போனை வைத்தாள். பின்சீட்டில் வாழையிலை விரித்த கூடையில் மாலை இருந்தது. துளசியும் செவ்வந்தியும் சம்பங்கியும். கார் முழுக்க அதன் வாசனை.

11.36.

கண்மாய்க் கரையிலிருந்து சத்தம் வந்தது. டொப்... டொப்... டொப்... கனமான எதுவோ மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்து விழுந்து உருண்டு வரும் சத்தம்.

ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அரக்கு நிறப் பட்டுப்புடவை, சாயம் மங்கியது. ஒரு கார் சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டு வந்தாள்.

“ஸ்டெப்னி இல்லைல்லக்கா? இந்தா, இத மாட்டுங்க.”

இவளுக்கு எப்படித் தெரியும்?

வேதா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சக்கரம் வந்துவிட்டது என்பதுதான். அளவும் சரியாக இருந்தது. நான்கு நட்டுச் சக்கரம்.

அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது. கண்மாயிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஜாக்கியும் ஸ்பேனரும் டிக்கியில் இருந்தன. அந்தப் பெண்ணே குந்தி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். மெஷினில் முறுக்கிய நட்டுகள் பாட்டில் மூடி போலக் கழன்றன. அந்த வெயிலில் அவள் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை.

“லாரி வருதாக்கா? பாருங்க.”

வேதா திரும்பிப் பார்த்தாள். ரோடு காலியாகக் கிடந்தது. “வரலை.”

“ரோட்டுப் பக்கம் நிக்காதீய. இங்கிட்டு வாங்க.”

கிழிந்த சக்கரம் வெளியே வந்தது. ஈரச் சக்கரம் உள்ளே போனது.

“லாரி வருதா?”

“இல்லம்மா.”

“நல்லாப் பாருங்க...”

நல்லாத்தான் பார்த்தாள். ஒரு சைக்கிள்கூட இல்லை. காக்கை கத்தவில்லை. எப்போதிலிருந்து கத்தவில்லை என்று யோசித்தாள். தெரியவில்லை.

11.52. நான்கு நட்டுகளும் விரலால் மாட்டியபடி நின்றன. முறுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பெண் எழுந்தாள். ஸ்பேனர் அவள் கையில். பார்வை பின்சீட்டில்.

“ஆண்டா மாலையா?”

“ஆமா.”

“ஒருதரம் போட்டுப் பாத்துட்டுத் தாரேன்.”

வேதாவுக்கு முதலில் பொறாமைதான் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். இருபது வருஷமாக எத்தனையோ பெண்களுக்கு இந்த மாலையைக் கூடையில் சுமந்தவள் அவள். ஒருதரம், ஒரே ஒருதரம் என்று தானும் நினைத்ததுண்டு. யாரிடமும் கேட்டதில்லை. இவள் கேட்டுவிட்டாள்.

“அது கல்யாணப் பொண்ணுக்கு...” என்றாள்.

“தெரியும். செத்த நேரம்.”

போன் அடித்தது. அக்கா. 11.58. வேதா எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் பெண் நட்டை முறுக்காமல் நின்றாள். மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை.

வேதா கூடையை எடுத்துக் கொடுத்தாள்.

பயந்து கொடுத்திருந்தால் மன்னிக்கலாம். இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் புண்ணியம். நேரமாகிவிட்டது என்று கொடுத்தாள். ஸ்டெப்னி தீட்டு என்று கழற்றி வைத்தவள், யாரென்றே தெரியாத ஒருத்தியின் கையில் மாலையைக் கொடுத்தாள்.

அவள் போட்டுக்கொண்டாள்.

“நல்லாருக்கா?”

“நன்னா இருக்கு.”

அப்போதுதான் வேதா கவனித்தாள்.

மாலை அவள் நெஞ்சின் மேல் கிடந்தது. துளசி அசையவில்லை. பூ அசையவில்லை.

நெஞ்சு ஏறவில்லை... இறங்கவில்லை.

மூச்சு இல்லை.

“லாரி வருதாக்கா?”

வேதா ரோட்டைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தப் பெண் மாலையைக் கழற்றிக் கூடையில் வைத்தாள். குனிந்தாள். கிர்ர்... கிர்ர்... கிர்ர்... கிர்ர்... நான்கு நட்டு.

12.02. வேதா வண்டியை எடுத்தாள்.

கண்ணாடியில் பார்த்தாள். ரோடு. கரை. வெயில்.

வேறு எதுவும் இல்லை. கழற்றிப் போட்ட கிழிந்த சக்கரமும் இல்லை.

12.15க்கு மண்டபம் வந்தாள். 12.18க்கு மாலை அனுக்ரஹாவின் கழுத்தில் ஏறியது. அவ்வளவு நேரத்திலும் ‘போடாதே’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேதாவுக்கு வாய் வரவில்லை. அனுக்ரஹா சிலிர்த்துச் சிரித்தாள். “சித்தி, என்ன இப்படி ஜில்லுனு இருக்கு! ஐஸ்பெட்டில வெச்சுக் கொண்டு வந்தேளா?”

“பன்னீர் தெளிச்சிருக்கா” என்றாள் வேதா. அது அன்றைக்கு அவள் சொன்ன இரண்டாவது பொய்.

“வேதா இல்லேன்னா இந்தக் கல்யாணமே இல்லை” என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாள் வேதாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேதா இரண்டு பந்தி முடியும்வரை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மூன்றாம் பந்தியில்தான் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் அந்த இடத்துக்குப் போனாள், சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. அக்கம்பக்கத்தில் வீடே இல்லை. நான்காம் நாள் மாரீஸ்வரன் கடைக்கு வண்டியை ஓட்டிப் போனாள். அவன் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தான். நிமிர்ந்தான்.

“யக்கா, இதுலயா ஓட்டிட்டு வந்தீய?”

“ஏன்?”

“காத்தே இல்லியேக்கா.”

கழற்றி, டயரை ரிம்மிலிருந்து பிரித்தான். உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீரும் சேறும் கொட்டின. இரண்டு நத்தை ஓடுகள் விழுந்தன. ரிம்மின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடும் ஒரு எண்ணும் இருந்தன.

“இது நம்ம கடை மார்க்கு. என் கையெழுத்துதான்... எங்க எடுத்தீய இத?”

“ஒரு பொண்ணு கொடுத்தா. வன்னியம்பட்டிப் பக்கத்துல, உள்ரோட்டுல.”

அவன் சக்கரத்தைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று சொன்னான்.

“ஆறு வருசம் ஆச்சுக்கா. இந்த நம்பர் போட்டது ஒரு செட்டியார்பட்டி வண்டிக்கு. கல்யாணப் பொண்ணு உள்ள இருக்கு, பேரு கார்த்திகா. கோயில்ல மாலை வாங்கிட்டு வாரப்ப அதே உள்ரோட்டுல டயர் வெடிச்சிருக்கு. டிரைவர் ஸ்டெப்னிய எறக்கி வெச்சிட்டு ஜாக்கி போட்டிருக்காரு. அந்தப் பிள்ளை வெக்கை தாங்காம எறங்கி நின்னிருக்கு. லாரிக்காரன் பாக்கல. ரெண்டு பேரும் அந்த இடத்துலயே போயிட்டாவ. வண்டியத் தூக்க நான்தான் போனேன். நாலு வீலும் வண்டியில இருந்துச்சு. எறக்கி வெச்ச ஸ்டெப்னிய மட்டும் காணோம். அப்போ கம்மா நெறைஞ்சு கெடந்துச்சு. உருண்டு உள்ள விழுந்திருக்கும்னு முங்கித் தேடுனோம். கெடைக்கல.”

வேதா புதுச் சக்கரம் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பழைய சக்கரத்தை அவன் என்ன செய்தான் என்று அவளுக்குத் தெரியாது.

அனுக்ரஹா நன்றாகத்தான் இருக்கிறாள். புகுந்த வீட்டில் எல்லோருக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவை அக்காவின் பெயர் போனில் ஒளிரும்போதும் வேதா எடுத்ததும் ‘அனுக்ரஹா எப்படி இருக்கா?’ என்றுதான் கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை கேட்பாள். நல்ல சேதி கேட்டும் நிம்மதி வராத ஒருத்தியாகத் தான் ஆகிவிட்டதை நினைத்து அதற்கும் வெட்கப்படுவாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை அக்கா கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மாப்ளையோட தங்கைக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. சம்பந்தி கேக்கறா. அனுக்ரஹாவுக்கு வந்தாப்பல அந்தப் பொண்ணுக்கும் உன் கையாலதான் ஆண்டாள் மாலை வரணுமாம். வேற யார் கொண்டு வந்தாலும் வேண்டாம்கறா. உன்னைக் கேக்கவே வேண்டாம், வந்துடுவாள்னு சொல்லிட்டேன்.”

வேதா ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“என்னால முடியாதுக்கா.”

“ஏண்டி? அன்னிக்கு லீவு கிடைக்காதா?”

“லீவு கிடைக்கும்.”

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“கல்யாணம் ஆகாதவ மாலை கொண்டு வரலாமான்னு யாராவது வாயை விட்டாளா? அதான் காரணமா? சொல்லு. நான் கேட்டுக்கறேன் அவாளை.”

நல்ல காரணம். ஆமாம் என்றால் போதும். யாரும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அவள் மேல் எல்லோருக்கும் இரக்கமும் வரும்.

“யாரும் ஒண்ணும் சொல்லலை அக்கா” என்றாள் வேதா. “நான் கொண்டு வரமாட்டேன்.”