கைராசி ஊசியும் கரியாலூர் பஸ்ஸும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் பாதையில் எந்தப் புதர் அடர்த்தியானது, எந்தச் சிறுபாலத்தின் அடியில் மறைவாக உட்காரலாம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். பஸ்ஸில் மற்றவர்கள் மலையழகைப் பார்த்துக்கொண்டு போவார்கள். நான் ஒதுங்க இடம் பார்த்துக்கொண்டு போவேன்.

கரியாலூருக்குப் பக்கத்து மலைக்கிராமத்தில் ஓராசிரியர் பள்ளி. அந்த ஓராசிரியர் நான்தான். திங்கட்கிழமை மலையேறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கள்ளக்குறிச்சி வீட்டுக்கு இறங்குவேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டி வெட்டித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். இந்த டீச்சர் வேலையை யாராவது பிடுங்க வந்தால் கடித்துவிடுவேன் என்கிற அளவுக்கு வெறி எனக்கு.

பிடுங்க வந்தது என் வயிறு. சேர்ந்த சில மாதங்களிலேயே சளியும் ரத்தமுமாகப் போக ஆரம்பித்தது. வந்தால் அடக்க முடியாது. மலைப்பாதையின் மூன்றாவது வளைவு வரும்போது என் முகம் வெளுத்துவிடும். கண்டக்டர் நல்ல மனுஷர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விசில் ஊதுவார். "வண்டி சூடாயிடுச்சி, கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்வார். நான் இறங்கிப் புதர்ப்பக்கம் ஓடுவேன். பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் சூடாகாத வண்டிக்காகக் காத்திருப்பார்கள்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு டாக்டர் இருந்தார். கைராசிக்காரர் என்று பெயர். எப்போது போனாலும் கூட்டம். அவர் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். அதற்கு இந்தப் பக்கம் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கல்யாணமாகாத பெண் அங்கே உட்கார்ந்து ரத்தம் போகிறது என்று வாயைத் திறந்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் தெரு ஒரு கதை கட்டியிருக்கும். அதனால் அம்மாதான் பேசுவாள். "வவுத்தால போய்க்கினே இருக்குதுங்க டாக்டர்" என்பாள். அவளுக்கே நான் ரத்தத்தைச் சொல்லியிருக்கவில்லை.

"சீதபேதிதாம்மா. மலைத் தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லி ஓர் ஊசி போடுவார், மாத்திரை தருவார். இரண்டே நாளில் சரியாகிவிடும். கொஞ்ச நாள் போனால் மறுபடி வரும். மறுபடி ஊசி, மறுபடி குணம். ஒரு நோயை ஒரு தடவை குணமாக்கினால் வெறும் டாக்டர். அதே நோயைத் திரும்பத் திரும்பக் குணமாக்கினால் அம்மாவுக்கு அவர் தெய்வம். வேறு இடத்தில் காட்டலாம் என்று நான் முணுமுணுத்தால், "இன்னாடி பேசற, அவுரு கை பட்டுத்தான் நீ எழுந்து நடக்கற" என்று பாய்வாள்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஜாக்கெட்டெல்லாம் பிடித்துத் தைத்தும் தொளதொளத்தது. லீவு ஏறிக்கொண்டே போனது. நான் லீவு போட்டால் பள்ளிக்கூடமே பூட்டு. பார்வையிட வந்த அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "புள்ளைங்க காட்டுவழியா நடந்து வந்து பூட்டைப் பாத்துட்டுப் போவுதுங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் போடச் சொல்லி எழுதிடுவேன்." நான் இன்னும் நிரந்தரமாகாதவள், அவர் எழுதினால் எழுதியதுதான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

அந்த நேரத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு வாரம் சாலை மறியல் என்று வழியெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. பல ஊர்களில் உயிர் போன வாரம் அது. அதை நல்ல வாரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் என் உயிர் பிழைத்தது அந்த வாரத்தில்தான்.

கைராசிக்காரர் வெளியூரிலிருந்து காரில் வருகிறவர், வர முடியவில்லை. ஊசி இல்லாமல் நோய் தன் முழு முகத்தையும் காட்டியது. சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. அம்மா என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெறிச்சோடிய தெரு வழியாக அரசு ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனாள்.

எப்போதும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் இடம் அது. அன்றைக்கு எந்த ஊரிலிருந்தும் யாரும் வரமுடியாததால் பெஞ்சுகள் காலி. ஓர் இளம் பெண் டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். பெயர், வேலை கேட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரத்தம் போகுதா டீச்சர்?"

நான் அழுதுவிட்டேன். இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டினேன். புதர், சிறுபாலம், சூடாகாத வண்டி உட்பட. அவர் அவசரப்படாமல் கேட்டார்.

"ஊசி போட்டா நல்லாயிடுது. சரி, வெறும் மாத்திரை மட்டும் சாப்பிட்டா?"

"மலையில இருக்கும்போது மாத்திரைதான். ஒண்ணும் கேக்காதுங்க."

"அப்ப வேலை செஞ்சது ஊசிதான். அது ஸ்டீராய்டா இருக்கும்னு நெனைக்கிறேன். சீதபேதிக்கு அதைப் போட்டா நோய் முத்தும். உங்களுக்கு ஆறுது. அதனால இது வேற. பெருங்குடல்ல புண்ணு. உடம்பே தன் குடலோட சண்டை போடுற நோய். தண்ணிமேல பழி போடாதீங்க."

"நான் வேலைக்குப் போக முடியுங்களா?" அதை மட்டும்தான் கேட்டேன்.

"மாத்திரையை விடாம சாப்பிட்டா, ரிட்டையர் ஆகிற வரைக்கும் போகலாம்."

அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சாலை திறந்ததும் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்து அவர் சொன்னது சரிதான் என்றார்கள். மாத்திரை மஞ்சள் நிறம். சிறுநீரும் மஞ்சளாகப் போக, மஞ்சக்காமாலை என்று அம்மா ஒருநாள் முழுக்க ஒப்பாரி வைத்தாள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததும் என் லீவுக்கும் மரியாதை வந்தது. அதிகாரி சான்றிதழைப் படித்தார். நான் திரும்பும்வரை பக்கத்து ஊர் ஆசிரியரைப் பள்ளிக்கு அனுப்பினார்.

கைராசிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன், சண்டை போடும் எண்ணத்தோடுதான். அவர் பாண்டிச்சேரிச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"ரத்தம்னு நீ சொல்லவேயில்லையேம்மா."

"இத்தனை பேரை வெச்சிக்கினு எப்படிங்க சொல்றது?"

அவர் திரையைப் பார்த்தார். இந்தப் பக்கம் வழக்கம்போல நாலு தலைகள். அடுத்த முறை கடைவீதியில் போனபோது அந்த அறைக்குக் கதவு போட்டிருந்தது. டாக்டருக்குத் திமிர் வந்துவிட்டது என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் அத்தோடு போனது.

உடம்பு தேறிய பிறகு ஒரு திங்கட்கிழமை கரியாலூர் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியது. மலை தொடங்கியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பழக்கதோஷத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வயிறு பேசாமல் இருந்தது.

மூன்றாவது வளைவில் விசில் கேட்டது. பஸ் நின்றது.

"வண்டி சூடாயிடுச்சி, கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றார் கண்டக்டர், என்னைப் பார்க்காமலே. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்குது" என்றேன். "ரைட் குடுங்க, போலாம்."