வேறு வீட்டுப் பெண்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. முப்பது வயதுதான் கடந்திருந்தாள். நாகமலை புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் கூடப் போனால் போதும்தான்; அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் கேன்சர் இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வம்சத்துலயே கிடையாது சார்."

தல்லாகுளம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் அப்பா. கூண்டில் சத்தியம் செய்கிற குரலில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவருடைய அக்காமார் இருவருமே இளவயதில் போய்ச் சேர்ந்தவர்கள். ஒருத்திக்கு மார்பில் புற்று, இன்னொருத்திக்கு வயிற்றில். ஆனால் அவர்கள் கட்டிக்கொடுத்துப் போனவர்கள், குலசாமியே மாறிவிட்டது. அவர்கள் நோயும் போன வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. "அந்த வீட்டுத் தண்ணி சரியில்ல" என்று கேட்டே வளர்ந்த எனக்கும் அத்தைகளின் ஞாபகம் வரவில்லை.

அக்காவுக்கு மார்பை எடுத்தார்கள். கொட்டின முடி வளர்ந்தது. தப்பித்தோம் என்று குலசாமிக்குக் கிடா வெட்டினோம்.

சில வருடம் கழித்து அவள் வயிறு உப்பியது. இந்தமுறை சென்னைக்குப் போனோம்; சினைப்பையில் புற்று என்றார்கள். அங்கிருந்த பெண் டாக்டர் லேசில் விடுகிறவராக இல்லை. அப்பாவின் கூடப்பிறந்தவர்களைத் துருவித் துருவிக் கேட்டார்.

"ரெண்டு அக்கா இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் இந்த நோய்தான். ஆனா அவங்க வேற வீடு மேடம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உடம்பின் உயிரணுக்களில் ஏற்படும் பழுதைச் சரிசெய்யும் மரபணு ஒன்று உண்டு என்றார். அதிலேயே கோளாறு இருந்தால், அது தலைமுறை தலைமுறையாக இறங்கும். ஆண்கள் வழியாகவும் இறங்கும். அப்பாவுக்கு நோய் வராமலே அவரிடமிருந்து மகளுக்குப் போயிருக்கலாம். முதலிலேயே தெரிந்திருந்தால், அக்காவுக்குத்தான் பிள்ளைகள் பிறந்துவிட்டார்களே என்று, சினைப்பையை எடுத்துவிடச் சொல்லியிருப்பார்களாம். அக்காவின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர் சொன்னபடியேதான் முடிவு வந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அப்பா வாய்விட்டு அழுதார். "எனக்கு வந்திருக்கக் கூடாதா?"

அக்கா அவர் தோளில் கை வைத்தாள். "நானும் கட்டிக்கொடுத்துப் போனவதானப்பா. என்னையவாச்சும் கணக்குல சேத்துக்குவீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். எனக்கு எங்கள் பரம்பரை மீதே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறு வருடம் அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு ஒருநாள் பல்வலி என்று அப்பாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வாயைத் திறக்கச் சொன்னார் அவர்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன் சார்," என்றார் அப்பா. "எங்க வீட்டுப் பொம்பளைங்க மூணு பேரு கேன்சர்ல செத்துருக்காங்க. ரெண்டு அக்கா, ஒரு மக."