நல்ல பீஸுக்கு ஸ்டிக்கர் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு செல்வி கண் சிவந்து வந்து நின்றாள். பனியன் கம்பெனியில் டெய்லர். லீவு நாளில் கட்பீஸ் துணியில் குழந்தைகளுக்கு கவுன் தைத்து, அதை வீடியோ எடுத்துப் போடுவாள். வாரம் முழுக்க அவள் காத்திருப்பதே அதற்குத்தான்.

“இனிமேட்டு வீடியோ போடமாட்டனுங்ண்ணா” என்று போனை நீட்டினாள்.

‘கழுத்து சுருங்கியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? மெஷினை வித்துட்டு மாடு மேய்க்கப் போ!’

எழுதியவருக்குப் பெயரில்லை, முகமில்லை. ஒரு பைக் படம் மட்டும். முகத்தை மறைத்த புண்ணியவான் நம்பர் பிளேட்டை மறைக்க மறந்திருந்தார்!

அது என் மனைவியின் தம்பி சண்முகத்தின் பைக். அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நேரில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்...

அன்றைக்கே போய்க் கேட்டேன்.

“தப்பு கண்ணுல பட்டா சும்மா இருக்க முடியலீங்க மச்சான்” என்றார்.

பாவம்தான். தைத்து வரும் துணியில் தப்பான இடத்தைத் தேடி அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பொழுதுக்கும் அவர் வேலை.

“நல்ல பீஸுக்கு என்ன ஒட்டுவீங்க மாப்ளே?”

“அதுக்கு எதுக்குங்க? அது பாட்டுக்கு பேக்கிங்குக்குப் போயிருமுங்க.”

நாமும் அப்படித்தானே? பிடித்ததைப் பார்த்தால் பேசாமல் அடுத்ததற்குத் தாவுகிறோம். பிடிக்காததற்கு மட்டும் நின்று, நிதானமாக டைப் அடிக்கிறோம்.

கையோடு செல்வி வீட்டுக்கு அழைத்துப் போனேன். செக்கிங்கில் இருக்கிறவர் என்று மட்டும் சொன்னேன். அவள் காபி கொடுத்தாள். டம்ளரை வாங்கியதும் மாப்பிள்ளைக்குக் குரலே குழைந்துவிட்டது.

“கழுத்துப் பட்டி வெக்கறப்ப துணிய இழுத்துப் புடிக்காதீங்கம்மா, சுருங்காது. மத்தபடி சுத்தமான கைங்க.”

“கமெண்ட் போட்ட அந்த ஆளும் இப்படிச் சொல்லியிருந்தா கும்பிட்டிருப்பனுங்க” என்றாள் செல்வி.

“அந்த ஆளு... நான்தானுங்க. மன்னிச்சுக்கோங்க.”

செல்வி எழுந்து போனை ஸ்டாண்டில் மாட்டினாள். “அப்ப இங்க வந்து உக்காருங்க. இப்பச் சொன்னதை வீடியோவுல சொல்லுங்க.”

கமெண்ட் போடும் முன், வீடியோ போட்டவர் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்களேன் — பாதி வசவு தொண்டையிலேயே நின்றுவிடும்.

வீடியோ வெளியானது. கீழே முதல் கமெண்ட்: ‘இந்த மீசைக்காரனைத் தூக்குங்க, சகிக்கல.’

மூன்று நாளாகச் சண்முகம் சரியாகச் சாப்பிடவில்லை. போன் பண்ணித் தேற்றியது யார் தெரியுமா? செல்விதான்.

“உடுங்ண்ணா... எழுதுனவருக்கு ஊட்டுல என்ன கஷ்டமோ!”