புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் என் குரல்

காலை ஐந்து மணிக்கு எழுவதிலிருந்து இரவு பத்து மணிக்குப் படுப்பது வரை ஒரு நாளை எப்படி ஒழுங்காக வாழ்வது என்று எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நான் பேசி அனுப்பிய ஆடியோ, இன்று ஒருவர் மூக்கை உடைத்துவிட்டது.

புக்கிட் ரம்பாயிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு ஃபேக்டரிக்காரர் யூனிபார்மோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்த அங்கிள் அந்த ஆடியோவை ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், சவுண்ட குறைங்க லா. இப்பதான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வரேன்."

"நல்ல விசயம் தம்பி, நீயும் கேளு" என்று அங்கிள் போனை அவர் காதருகே கொண்டுபோனார்.

ஃபேக்டரிக்காரர் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தார். அங்கிள் கையிலிருந்த குடையின் பிடியால் அவர் மூக்கில் ஓங்கிக் குத்தினார். யூனிபார்மெல்லாம் ரத்தம். அவர் அங்கிளின் கழுத்தைப் பிடித்து ஜன்னலில் மோதினார். டிரைவர் பிரேக் போட, இருவரும் கட்டிப் புரண்டு விழுந்தார்கள்.

கண்ணாடி நொறுங்கிய போனில் என் குரல் மட்டும் நிற்கவில்லை. "சிரிச்ச முகத்தோட நாளை ஆரம்பிங்க."

"இந்தப் பொம்பள யாருன்னு தெரியட்டும், வாயக் கிழிக்கிறேன்" என்றார் ஃபேக்டரிக்காரர், மூக்கைப் பொத்தியபடி.

நான் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு அங்கேயே இறங்கிவிட்டேன். ஆடியோவில் சொன்ன அரை மணி நேர நடையை இன்றுதான் முதன்முதலாக நடந்தேன்.

என் ஆடியோவை அந்த அங்கிளுக்கு ஃபார்வர்ட் செய்த புண்ணியவான் யார்? மரியாதையாகக் கமெண்ட்டில் வந்து நில்லுங்கள்.