இரண்டு புள்ளிகளும் கறுத்திருந்தன

மெட்ராஸ் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது எனக்கு நான்காம் மாதம். மூத்தவன் சேகருக்குத் தலசீமியா (ரத்தம் சரியாக ஊறாத, பெற்றோர் வழியாக வரும் நோய்). மாதாமாதம் படப்பையிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து அவனுக்கு ரத்தம் ஏற்றுவோம். வயிற்றில் இருப்பதற்கும் அதுதான் என்றால் கலைத்துவிடுவது என்று நானும் வீட்டுக்காரரும் பேசியிருந்தோம்.

எட்டாவதோடு நின்றவள் நான், புரிந்ததை எழுதுகிறேன். டி.என்.ஏ.வில் (உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு) ஓர் எழுத்து மாறியதால் வந்த நோய் இது. நல்ல எழுத்துக்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று என இரண்டு புரோப் (பொருந்தும் இடத்தில் மட்டும் ஒட்ட வேண்டிய சிறு துண்டு) வைத்துப் பார்க்கிறார்கள். ஒட்டினால் ஃபிலிமில் கரும்புள்ளி விழும்.

என் வயிற்றிலிருந்து பனிக்குட நீர் எடுத்துப் பார்த்த ஃபிலிமில் இரண்டு புள்ளிகளும் கறுத்திருந்தன. நல்ல எழுத்தே இல்லாத சேகரின் ரத்தத்தில் பழுதுப் புள்ளி மட்டும்தான் விழ வேண்டும்; அதிலும் அப்படியே இரண்டு.

"ஒரே எழுத்து வித்தியாசம், புரோப் ஏமாந்துடுதும்மா. சூடு கூட்டிக் கழுவினா ரெண்டுமே போயிடுது" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் மறைமலை நகரில் லேத் ஓட்டுபவர். "அளவு பாக்குற கேஜு தேஞ்சா இப்டித்தான் டாக்டர். நல்ல பீஸும் நுழையும், ரிஜெக்டும் நுழையும். எங்க சூப்பர்வைசரு எல்லாத்தையும் ஓகே பண்ணிடுவாரு."

டாக்டரம்மா ஃபிலிமை உறையில் போட்டார். "நான் அப்படி ஓகே பண்ண மாட்டேன். புது புரோப் செய்யணும். அதுக்குள்ள கலைக்கிற காலம் தாண்டிடும். நீங்கதான் முடிவு பண்ணணும்."

பஸ்ஸில், "இன்னாங்க பண்றது?" என்றேன்.

"நல்ல புள்ளயா இருந்துட்டா? வுடு, பெத்துக்கலாம்."

எதற்கெடுத்தாலும் பயப்படும் நான் அன்று அதைப் பிடித்துக்கொண்டேன்.

பெண் பிறந்தாள், நல்ல சிவப்பு. மூன்றாம் மாதம் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். பழைய புரோப்பில் மாறிய எழுத்து ஓரத்தில் இருந்ததாம். நடுவில் வரும்படி புதிதாகச் செய்ததும் தவறான இடத்தில் ஒட்டுவதில்லையாம். பாப்பாவின் புது ஃபிலிமில் ஒரே புள்ளி. பழுதுக்கான புள்ளி.

"கொயந்த நல்லாத்தானே கீது டாக்டர்?" என்றார் இவர்.

"பிறந்த புதுசுல தெரியாதுங்க. இன்னும் சில மாசத்துல, குப்புற விழுந்து தவழுற வயசுல, வெளுக்க ஆரம்பிக்கும்."

இனி வருகிறவர்களுக்கு அந்தப் புரோப் தெளிவாகச் சொல்லும் என்றார். என்னைப் போன்றவர்கள் இதைப் படித்தால், நாள் தள்ளியதுமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பால் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் உடம்புக்கே இன்னும் தெரியாதது எனக்குத் தெரியும்.

நேற்று நாத்தனார் கத்தினாள்: "அண்ணி, ஓடியாங்க! பாப்பா குப்புறக் கவுந்துகிச்சு!"

அதற்குள்ளாகவா என்றுதான் எனக்கு வாயில் வந்தது.